பாவாத்தா மிசினு நின்ன எடம்

தரையில நீட்டிக்கிட்டு நிக்கற அந்த நாலு போல்ட்டு மேல எண்ணெய் டப்பாவை வெக்காதீங்க சாமி. எடுங்க மொதல்ல. இன்னைக்கு ஆயுத பூசை, மிசினெல்லாம் சந்தனம் பூசிக்கிட்டுச் சும்மா நிக்குது, பூசாரி வர இன்னும் நேரமிருக்குது. நீங்க நாலு பேரும் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து கேக்கறீங்க, எடம் பத்தாம இடிச்சுக்கிட்டு நிக்கறோம், அங்க மட்டும் ஏன் மிசினு போடலைன்னு. சொல்றேன். நடுவுல எந்திரிச்சுப் போறவங்க இப்பவே டீயைக் குடிச்சுட்டு வந்துருங்க.

நம்ம ஊசிக்கல்பாளையத்துக்குக் கம்பத்துல கரண்டு வந்த புதுசாம் அது. இந்தக் கொட்டாயில ஒரு லேத்து ஓடுச்சாம். சுத்துப்பட்டுக்கெல்லாம் அது ஒண்ணுதானாம். ஓட்டுனவரு மஞ்சக்காமாலையில போயிட்டாரு. அவரு சம்சாரம் பேரு பாவாத்தா. கொழந்தை குட்டி இல்ல. அந்தம்மாவுக்குன்னு இருந்தது அந்த லேத்து ஒண்ணுதான்.

கொழுந்தனாரு வந்து, ஓட்ட ஆளில்லாத மிசினு துருப்புடிச்சுப் போகும், பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னாராம். அந்தம்மா, நான் போயிப் பழகி சர்ட்டிபிகேட்டோட வர்றேன், அதுவரைக்கும் தொடாதீங்கன்னுச்சாம். அவரு சிரிச்சாராம். சரி, வர்ற தை முடியற வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாதுன்னாராம்.

டவுனுல ஒரு மில்லுக்காரரு தொழில் பழக்கற கூடம் வெச்சிருந்தாராம். அங்க போயிச் சேர்ந்துச்சு. பதினாறு ஆம்பளைங்க, ஒரு பொம்பளை. சேலை மேல காக்கிச் சட்டை. மொத ஆறு வாரம் இரும்புக்கட்டையை அரத்தால ராவறதுதான். உள்ளங்கை கொப்புளிச்சு, ஒடைஞ்சு, காச்சுப் போச்சு. அந்தக் கையைப் புடிச்சுப் பார்த்து, ஏம்மா வலிக்குதான்னு கேக்க அங்க ஒரு ஆளில்ல. மத்தியானம் புங்கமரத்தடியில ஒத்தையா உக்காந்து சோறு திங்கும். ஒத்தையாவே தூக்குப்போசியைக் கழுவும்.

நீங்க புதுசு, அதனால சொல்றேன். லேத்துல இரும்பைக் கவ்விப் புடிக்கற சக்கு இருக்குதில்ல, அதை முடுக்கறதுக்கு ஒரு சாவி. முடுக்கிட்டுச் சாவியை எடுக்க மறந்து சுவிட்சைப் போட்டா, சாவி தெறிச்சு வரும். நெஞ்சுல பட்டா ஆள் காலி. அதுக்குத்தான் அந்தக் கூடத்துல ஒரு வழக்கம். மிசினுக்கு ரெண்டு பேரு. சுவிட்சைப் போடறதுக்கு முன்னாடி ஒருத்தன் "சாவி?"ன்னு கேக்கணும். முடுக்குனவன் "கையில"ன்னு சொல்லணும். அப்புறம்தான் சுவிட்சு.

பதினேழு பேருல எட்டுச் சோடி. மிச்சம் ஒண்ணு யாருன்னு நான் சொல்லணுமா? அந்தம்மாவோட நிக்க ஒருத்தனும் வரல. அதனால அதுவே கேட்டுக்கும், அதுவே சொல்லிக்கும். "சாவி?" "கையில." "சாவி?" "கையில." காத்தோட பேசற பொம்பளைன்னு சிரிப்பாங்களாம். வருசம் பூரா சிரிச்சாங்களாம். அது நிறுத்தலையாம்.

தை மாசம் பரீட்சை வந்துச்சு. ஆளுக்கு ஒரு மிசினு, சோடி கெடையாது. வாயைத் தொறந்தா வெளியில அனுப்பிருவேன்னு பரீட்சை வெக்க வந்த பெரியவரு மொதல்லயே சொல்லிட்டாரு. கூடமே கப்சிப்.

பாவாத்தா வேலை முக்காவாசி முடிஞ்சுது. அளவு சுத்தமா வந்துச்சாம், ஒரு நூலு தப்பல. நிமிர்ந்து பார்த்துச்சு. பக்கத்து மிசினுக்காரன் இரும்பைத் திருப்பி மாட்டி, முடுக்கிட்டு, சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போறான். சாவி சக்குலயே நிக்குது. வருசம் பூரா அடுத்தவன் கேட்டே பழகுனவன், கேக்க ஆளில்லைன்னதும் மறந்துட்டான்.

யோசிக்க எங்க நேரம்? "சாவி!"ன்னு கத்திருச்சு.

அவன் கை நின்னுது. வெடுக்குனு சாவியை உருவிக்கிட்டான். பெரியவரு அந்தப்பக்கம் திரும்பியிருந்தவரு, வந்து யாரு பேசுனதுன்னாரு. நான்தாங்கன்னுச்சு. ஏன்னு கேட்டாரு. அவரு சாவியைச் சக்குல வுட்டுட்டாருங்கன்னுச்சு. பெரியவரு அவன் பக்கம் திரும்பி, உண்மையான்னாரு. ஆமான்னா அவன் அன்னைக்குப் பெயிலு. வேறொண்ணும் இல்ல, பெயிலு அவ்வளவுதான்.

அவன் குனிஞ்ச தலை நிமிராம, "சாவி கையிலதாங்க இருக்குது"ன்னு காட்டுனானாம்.

பாவாத்தா அவனையே பார்த்துச்சாம். பெரியவரு வாசலைக் கைகாட்டுனாராம். சாமானைத் தொடச்சு வெச்சுட்டு வெளியில போச்சாம். அடுத்த பரீட்சை ஆடியிலதான்.

ஊருக்கு வந்து இன்னும் ஆறே மாசம்னு கேட்டுச்சு. கொழுந்தனாரு, சொன்னாச் சொன்னதுதான்னுட்டாரு. தை கடைசி நாள் சங்கிலி போட்டு லேத்தைத் தூக்கி லாரியில ஏத்துனாங்க. போல்ட்டு மட்டும் சிமிட்டியில பதிஞ்சு கெடந்துச்சு, வரல. அந்தா இருக்குதே, அதே நாலுதான். அந்தம்மா இங்கயே நடுவுல பொழுதெறங்கற வரைக்கும் உக்காந்திருந்துச்சுன்னு சொல்லுவாங்க. ஆடியில பாசாச்சு. சர்ட்டிபிகேட்டு வந்துச்சு. மாட்டி வெக்கத்தான் பட்டறை இல்ல. டவுனுல ஒரு கம்பெனியில கடேசி மூலை மிசினு, இருவத்தாறு வருசம். ஒத்தை ரூமு, ஒத்தை அடுப்பு.

அந்தப் பக்கத்து மிசினுக்காரன் நல்லாத்தான் இருந்தான். சொந்தப் பட்டறை வெச்சான். ஆனா நெஞ்சுக்குள்ள ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சாம். ஒருக்கா மனசைத் தேத்திக்கிட்டு மன்னிப்புக் கேக்க அந்தக் கம்பெனிக்குப் போனான். அந்தம்மா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது, தலை நரைச்சுப் போச்சு. இரும்பை மாட்டி முடுக்குச்சு. "சாவி?"ன்னுச்சு. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. "கையில"ன்னு அதுவே சொல்லும்னு இவன் பார்த்தான். சொல்லல. சாவியைத் தலைக்கு மேல தூக்கி வெறுங்காத்துக்குக் காட்டுச்சு. அப்புறம்தான் சுவிட்சைப் போட்டுச்சு. பரீட்சையில இவன் சொன்ன அந்தக் 'கையில'ங்கற வார்த்தையை அந்தம்மா வுட்டே போட்டுது.

இவன் வாசப்படியிலயே நின்னுட்டு, மன்னிப்புக் கேக்காமயே திரும்பி வந்துட்டான். அந்தம்மா செத்துப் போன பின்னாடி இந்தக் கொட்டாயை வாங்குனான். போல்ட்டை அறுக்க வேண்டாம்னான். எடத்தை அப்படியே வுட்டான்.

அவன் இவன்னு சொல்றேன், அவரு பேருதான் வாசல் போர்டுல இருக்குது. எங்க அப்பாரு. அப்பாவைப் பெத்தவரு. சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எங்கப்பாகிட்டச் சொல்லி அழுதாராம். எனக்கும் வெக்கமாத்தான் இருக்குது, இருந்தாலும் வருசா வருசம் பூசையன்னைக்குச் சொல்லிருவேன்.

அதனாலதான் இந்தப் பட்டறையில "சாவி?"ன்னு கேட்டா யாரும் "கையில"ன்னு வாயால சொல்றதில்ல. தூக்கித்தான் காட்டணும். நாளைக்கு மிசினு ஓடும், நீங்க தனியாவும் நிப்பீங்க. அப்பவும் கேளுங்க. கேட்டுட்டுச் சாவியைத் தூக்கி அந்த நாலு போல்ட்டுப் பக்கம் காட்டுங்க. அப்புறம் சுவிட்சைப் போடுங்க.