பதினாறு மில்லி போல்ட்டு

சென்டர் ஸ்டாண்டு தேய்ந்துபோன வண்டியை நேராக நிறுத்த ஒரு மரக்கட்டை போதும். என்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும். இதை நான் முதல் நாளே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். காதில் வாங்கியிருந்தால் நீங்களும் நானும் இந்த மேஜைக்கு இரண்டு பக்கமும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம், சார்.

என் மாமனார் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிள் அது. நாலு வருஷமாக எங்கள் முன்னறையில் நிற்கிறது. நிற்கிறது என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். ஸ்டாண்டு மடங்கி விரியும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு போல்ட்டு, அதைச் சுற்றிக் குட்டிக் குழாய் மாதிரி ஒரு புஷ். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டன. பக்கத்தில் நடந்தாலே வண்டி ஆடும்.

நான் இருபத்தாறு வருஷம் ஒரு கடைசல் பட்டறையில் லேத்து ஓட்டினவள். பட்டறையை மூடியபோது, நான் ஓட்டிய லேத்தை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். எங்கள் பின்னறையில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தேன். தெருவில் யார் வீட்டுத் தையல் மிஷின் தகராறு செய்தாலும், சக்கர நாற்காலி கிறீச்சிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அவருக்கு ஆறு புஷ் கடைந்து கொடுத்தேன். ஆறையும் வாங்கி, வெர்னியர் அளவுகோலை வைத்து இந்த முனை ஒருதரம், அந்த முனை ஒருதரம் அளப்பார். அப்புறம் நகத்தால் சுண்டுவார்.

"ஒரு நூல் ஆட்டம் இருக்கு. மறுபடி கடை."

"ஆட்டம் புஷ்ஷுல இல்லீங்க. ஓட்டையே தேஞ்சிருக்கு. அதுல கொஞ்சம் வெல்டு வெச்சுத் துளைச்சா…"

"எங்கப்பா வண்டியில வெல்டு வெப்பியா நீ? சொன்னதைச் செய்டி."

என் கொழுந்தனார் வரும்போதெல்லாம் கதவிலேயே நின்று சிரிப்பார். "என்ன அண்ணி, வண்டி நிக்குதா? நாலு வருஷமா அண்ணன்தான் அதுக்கு அடியில படுத்துக் கிடக்குறாரு!"

"வேலை தெரிஞ்சவன் பொறுமையா செய்வான்டா. இந்தப் புஷ்ஷைப் பாரு. எல்லாம் நானே செஞ்சது" என்பார் இவர். நான் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் பழைய சாமான் வியாபாரி ஒருவர் ஒரிஜினல் ஸ்டாண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வந்தவர் ஸ்டாண்டைப் பார்க்கவில்லை, என் லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"திங்கக்கிழமை வந்து லேத்தை எடுத்துக்குவாரு. அதுக்கு பதிலாத்தான் ஸ்டாண்டு."

"என்னோடதுங்க அது."

"உன்னோடது என்னோடதுன்னு என்ன இருக்கு? வயசான காலத்துல உனக்கு எதுக்கு லேத்து? போறதுக்குள்ள ரெண்டு போல்ட்டு கடைஞ்சு குடுத்துடு. பதினாறு மில்லி. ஒரிஜினல் மாதிரி நடுவுல கிரீஸ் ஓட்டை இருக்கணும்."

சரி என்றேன்.

இடது போல்ட்டில் இரண்டு மில்லி ஓட்டை போட்டேன். அவர் கேட்டது அதுதான். வலது போல்ட்டைப் பற்றித்தான் நான் யோசிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் ஸ்டாண்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் வலப்பக்கம். அதை மாட்ட வேண்டுமானால் வலப்பக்கம் படுத்து, வண்டி குலுங்க இழுத்துத்தான் மாட்ட முடியும்.

முதலில் மூன்று மாதிரி கடைந்து பார்த்தேன். உள்ளே துளைத்துவிட்டு, சுற்றிலும் ஒன்றரை மில்லி சுவர் விட்டால் தாங்கிவிடுகிறது. முக்கால் மில்லி விட்டால் எடுத்த எடுப்பிலேயே நசுங்குகிறது. ஒரு மில்லி விட்டால், கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு, குலுக்கும்போது அறுந்துபோகிறது. ஒரு மில்லியே விட்டேன். துளையின் வாயில் ஓர் அடைப்பைச் செருகி, அதன் நடுவில் இரண்டு மில்லி ஓட்டை போட்டேன். பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. எடை வித்தியாசம் தெரியும்தான். ஆனால் அவர் எதையும் கையில் ஏந்தி எடை பார்க்கிறவர் இல்லை.

ஞாயிறு காலை வாங்கினார். இந்த முனை, அந்த முனை. நகத்தால் சுண்டினார். "இப்பத்தான்டி உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்க" என்றார். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் என் வேலையைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

போல்ட்டுகளை மாட்டியதும் இரண்டு பேருமாக வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினோம். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து மெதுவாக இறக்கினேன். பாரம் அதிர்ந்து இறங்கிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. வண்டி நேராக நின்றது. அழகாகத்தான் இருந்தது. என்ஜினுக்கு அடியில் நான் மரக்கட்டையைச் செருகி வைத்தேன்.

"கட்டையை எடு" என்றார்.

"இருக்கட்டுமேங்க. ஸ்பிரிங் மாட்டின பிறகு எடுத்துக்கலாம்."

"ஒரிஜினல் ஸ்டாண்டுக்கு எதுக்குடி கட்டை?"

"எதுக்கும் இருக்கட்டுங்க."

இரண்டு தடவை சொன்னேன். பக்கத்து வீட்டம்மா ஜன்னலண்டைதான் இருந்தார், கேட்டுப் பாருங்கள். நான் வேண்டாம் என்றால் அவர் செய்வார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேனா இல்லையா? அவரே கட்டையைக் காலால் தள்ளிவிட்டுப் படுத்தார்.

நான் பின்னறைக்குப் போய் லேத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல். "ஏய்… கட்டை… கட்டையக் கொண்டா…" லேத்துப் படுகையில் பாதி எண்ணெய் பூசியிருந்தேன். பாதியில் விட்டால் துருப் பிடிக்கும். இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. முழுக்கத் துடைத்து, துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நேற்று விபத்து என்று எழுதிக்கொண்டு வந்தீர்கள். கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் வண்டியைச் சோதித்தவர் எழுதிய மூன்றாவது வரி கண்ணில் பட்டது. 'வலது போல்ட்டில் கிரீஸ் ஓட்டை அளவு தெரியாமல் அகலமாகத் துளைக்கப்பட்டுள்ளது. பழக்கமில்லாத கை செய்த மட்டமான வேலை.'

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, சார். அதனால்தான் விடிந்ததும் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்த மனிதரைக் கூப்பிட்டு, உடைந்த துண்டை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சுவர் சுற்றிலும் ஒரே ஒரு மில்லி. எங்கேயும் ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருக்காது. எந்த இடத்தில் அறுந்துபோக வேண்டும் என்று நான் நினைத்தேனோ, அந்த இடத்தில்தான் அறுந்திருக்கிறது. மற்றது எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். என் வேலையை நம்பி இதுவரை ஒருத்தரும் கெட்டுப்போனதில்லை.