விளக்கை அணை என்றான் அண்ணன்

அபாயச் சங்கு அலறுகிறது. பொழுது சாய்ந்த நேரம். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. தலைக்கு மேல் விமானம். நம்முடையதா, அவர்களுடையதா? தெரியவில்லை. முதல் குண்டு. தரை தூக்கிப் போடுகிறது. மாதா சுரூபம் விழுந்து உடைகிறது. வாசலில் ஜீப். அண்ணன் ஏறிக்கொண்டே கத்துகிறான்.

"வெளக்க அணை புஷ்பம்! பள்ளத்துக்கு ஓடு!"

அணைத்தேன். கொல்லையில் வெட்டிவைத்த பதுங்கு பள்ளத்துக்கு ஓடினேன். அதற்குப் பிறகு அவன் குரலை நான் கேட்கவில்லை.

அது எழுபத்தொன்று டிசம்பர், பாகிஸ்தானோடு போர். வடக்கே ஒரு விமானத் தளம். என் அண்ணன் செபஸ்தியான் குண்டுவீச்சு விமானத்தில் நேவிகேட்டர். வயது இருபத்து நான்கு. தளத்துக்கு வெளியே வாடகை வீடு. சமைத்துப்போட வரதராசன்பேட்டையிலிருந்து என்னைக் கூட்டிப்போயிருந்தான். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். இந்தி தெரியாது. எதற்கெடுத்தாலும் பயம். ஒரு நாள் கேட்டேன்.

"ஆகாசத்துல ரோடா போட்டுருக்கு? வழி எப்படிண்ணே தெரியும்?"

"பைலட்டு டிரைவரு. நான் கண்டக்டரு. எங்க திரும்பணும்னு நான்தான் சொல்லணும். போறது பெருசில்ல புள்ள. திரும்பி வர்றதுக்கு வழி சொல்றான் பாரு, அவன்தான் நேவிகேட்டரு."

"ஜெயங்கொண்டம் பஸ்ஸுல தூங்கிட்டு விருத்தாசலத்துல போயி எறங்குன ஆளு நீ."

"அதனாலதான் என்னை ஆகாசத்துல விட்டுட்டானுவ."

குண்டு விழுந்த அன்றே அவன் விமானம் எல்லை தாண்டியது. திரும்பவில்லை. காணவில்லை என்றார்கள். பிறகு போரில் இறந்தார் என்றார்கள். அம்மா முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

கல்லறைத் திருநாளில் எங்கள் ஊரில் எல்லாரும் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு நடுச் சிலுவையின் அடியில் ஏற்றுவது வழக்கம். அம்மா விடவில்லை. "வரப்போறவனுக்கு எவளாவது கல்லறையில மெழுகுவத்தி ஏத்துவாளா?" கண்ணை மூடும்வரை அதே பேச்சு. அவளுக்குப் பிறகு நானும் ஏற்றவில்லை. ஏற்றினால் அவனைக் கொன்றவள் நானாகிவிடுவேனோ என்று பயம்.

அரியலூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்தேன். அருகில் சுண்ணாம்புக்கல் சுரங்கம். வெடி வைக்கும் முன் சங்கு ஊதுவார்கள். என் கை தானாக அடுப்பை அணைக்கும். மருமகள் எமிலி தலையில் அடித்துக்கொள்வாள்.

"அத்தே, அவுங்க கல்லு ஒடைக்கிறாங்க. நம்ம சோறு ஏன் வேகக் கூடாது?"

இப்போது நெஞ்சில் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். மேசையிலிருந்து எழுந்து வருவேனா? தெரியாது. நான் போய்விட்டால் அண்ணனுக்கென்று ஒரு வெளிச்சம் வைக்க ஆளில்லை. தூக்கம் போனது.

இந்த நவம்பரில் எமிலியோடு வரதராசன்பேட்டைக்குப் போனேன். நடுச் சிலுவையின் அடியில் குனிந்தேன்.

"ஒங்க அண்ணனுக்கு ஒண்ணு போதுமே. ரெண்டு எதுக்குத்தே?"

"ஒண்ணு டிரைவருக்கு."

பற்றவைத்தேன். மேலே இரைச்சல். திருச்சிக்குப் போகும் பயணிகள் விமானம். தெரியும். தெரிந்தும் கத்திவிட்டேன்.

"வெளக்க அணைங்க! எல்லாரும் அணைங்க!"

கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்த்தது. ஒருவரும் அணைக்கவில்லை. என் கை மட்டும் சுடருக்கு மேல் போனது. அண்ணன் கடைசியாகச் சொன்ன சொல். இதுவரை நான் மீறாத சொல். உள்ளங்கை சுட்டது. கையை எடுத்தேன். விமானச் சத்தம் தேய்ந்து அடங்கியது. இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. அடிவரை எரியும்மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இழந்தவை இவை. விமானம் ஒன்று. மாதா சுரூபம் ஒன்று. எப்போதும் ஒரு தட்டு அதிகமாக வைத்தே சாப்பிட்ட அம்மாவின் ஆயுசு. பெயர்கூட நான் சரியாகக் கேட்டுக்கொள்ளாத ஒரு பைலட். செபஸ்தியான், என் அண்ணன்.

இந்தக் கணக்கில் அவனை இதுவரை சேர்த்ததில்லை. இப்போது சேர்த்துவிட்டேன்.