எங்க பக்கத்து வெயிலு

ஹலோ... ஹலோ, கிறிஸ்டினா? ... அக்கா தான்டி பேசுறேன், விக்டோரியா. ... மெதுவா தான் பேசுவேன், கத்தினா பக்கத்தூட்டுக்குக் கேட்டுடும். ... இல்லடி, யாருக்கும் ஒண்ணும் இல்ல, பயப்படாத. நல்ல சேதி தான். பேனு நின்னுடிச்சி!

... எங்கூட்டு பேனு இல்ல. அது காலைலருந்தே சுத்தல. தெனமும் தான் கரண்டு கட்டு. கம்பி மட்டும் தலை மேல பெரிசு பெரிசா போவுது. ... பக்கத்தூட்டு பூவம்மாவோட பேனுடி!

... மறந்துட்டியா? அவ புருஷன் பாக்கியராஜு சோலார் கம்பெனில வேலை செய்யறாரு இல்ல? அங்கருந்து ஒரு பேனலு எடுத்தாந்தாரு. ... சே சே, திருடல. மூலைல கண்ணாடி உடைஞ்சிருந்திச்சாம், கம்பெனியே குடுத்துடிச்சி. ... ஆங், அதே தான். ரெண்டு பக்கமும் வெயிலு வாங்குற பேனலு. மின்னாடியும் கண்ணாடி, பின்னாடியும் கண்ணாடி. அத்த எல்லாரும் வெக்கிற மாதிரி படுக்க வெக்கல. ரெண்டு மாடிக்கும் நடுவுல கைப்பிடிச் சுவரு கீதே, அது மேல நிக்க வெச்சி கட்டிட்டாரு. காலைல அவங்க பக்கம் வெயிலு வாங்கும், மத்தியானம் எங்க பக்கம் வாங்கும்.

எங்க பக்கம்டி! எங்க மாடி மேல விழுற வெயிலு. அத்த எடுத்து அவ ஊட்டு பேனு சுத்துது. ... இன்னாது, வெயிலுக்கு பட்டாவா? நீ யாரு பக்கம் பேசுற?

... கேளு முழுசா. கிறிஸ்மஸுக்கு மாடி பூரா சுண்ணாம்பு அடிச்சேன் இல்ல? நான் தானே குனிஞ்சி குனிஞ்சி அடிச்சேன், இடுப்பே உட்டுப் போச்சி. அந்த ஆளு சிரிச்சிக்கினே சொல்றாரு, "அக்கா, உங்க சுண்ணாம்பு புண்ணியத்துல வெளிச்சம் திரும்பி அடிக்குது, கரண்டு கொஞ்சம் ஜாஸ்தி வருது"ன்னு. வயிறு எரியுமா எரியாதா? இன்னும் கொஞ்ச நாள்ல எல்லா ஊட்லயும் வெயில்ல தான் பேனு ஓடுமாம். ஓடட்டுமே! அவ ஊட்ல ஏன் மொதல்ல ஓடணும்?

... ஆமா, பொறாமை தான். ஆமா, ஆமா. உங்கிட்ட மறைக்க இன்னா கீது? ஆனா பேனுக்காவ மட்டும் இல்லடி. ... உங்க மாமா. உங்க மாமாவும் இப்ப அங்க தான் தூங்குறாரு.

... ஐய, வாயைக் கழுவு. அவ புருஷனும் பக்கத்துல தான் படுத்திருக்காரு, அவருக்கும் நைட்டு ஷிப்டு தான். வாசக்கதவு தொறந்தே கெடக்குது. ... இல்ல இல்ல, நடந்தது வேற. ராத்திரி பூரா இரும்பு உருக்குற ஃபர்னஸு பக்கத்துல நிக்கிற ஒடம்பு, பகல்ல தூங்கலைன்னா இன்னா ஆவும்? எங்கூட்டு புழுக்கத்துல பொரண்டு பொரண்டு படுத்துட்டு அப்டியே ஷிப்டுக்குப் போயி, நின்னுக்கினே கண்ணு அசந்துட்டாரு. பழுக்கக் காய்ஞ்ச கம்பி கால் ஓரமா போயி, ஷூ உருகிப் போச்சி. ... ஆமாடி, கர்த்தர் தான் காப்பாத்தினாரு. சூபர்வைசரு சொல்லிட்டாராம், இன்னொரு தபா தூங்கினா உயிரு போவும், இல்லைன்னா வேலை போவும்னு.

அதைக் கேட்டுட்டு பூவம்மா வந்தா. "அண்ணே, எங்கூட்ல வந்து படுங்க, ஒரே பேனுக்குக் கீழ ரெண்டு பேரும் தூங்குங்க"ன்னா. உடனே தலகாணியைத் தூக்கிக்கினு போயிட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

... நல்ல மனசு தான். யாரு இல்லைன்னா? அதான்டி பேஜாரு. அவ கெட்டவளா இருந்தா நான் நிம்மதியா திட்டிக்கினு இருப்பேன்.

சாயங்காலம் எழுந்து வந்து இன்னா சொல்றாரு தெரியுமா? "எம்மாந்தூக்கம் விக்டோரியா! அந்தூட்டுக் காத்தே தனி." அந்தூட்டுக் காத்தாம்! கட்டினதுலருந்து எங்கூட்டுக் காத்தைப் பத்தி ஒரு நாளு வாயைத் தொறந்திருப்பாரா?

... இன்னா பண்ணேனா? சிரிக்கக் கூடாது. ... சத்தியமா? மாடில துணி காயற கொடியை கொஞ்சம் நகர்த்திக் கட்டினேன். பேனலு ஓரமா. பெரிய ஜமுக்காளத்தை நனைச்சி, ரெண்டா மடிச்சி, நல்லா மறைக்கிற மாதிரி தொங்க உட்டுட்டேன். ... என் மாடி, என் கொடி, என் ஜமுக்காளம். துணி காயப் போடக் கூடாதுன்னு சட்டமா? ... பேட்டரியா? அது லாரியிலருந்து கழட்டின பழசுடி, ஒண்ணும் தேங்காது. வெயிலு பட்டா சுத்தும், மறைச்சா நிக்கும். கறக்கு கறக்குனு சத்தம் வரும், இப்ப கம்முனு கீது.

... அவரு தூக்கமா? அதுக்குத் தானே பண்ணேன்! அங்க புழுங்கினா எழுந்து இங்க வந்துடுவாரு இல்ல? தண்ணி ஊத்தி தரையைத் தொடைச்சி, பாய் போட்டு வெச்சிருக்கேன். புதுவாயல் கடைலருந்து புது விசிறி வாங்கியாந்திருக்கேன். பொழுது சாயுற வரைக்கும் நான் உக்காந்து விசிறுவேன். எங்கூட்ல தூங்கட்டும். ... பேச மாட்டேன்டி, வாயை மூடிக்கினு தான் விசிறுவேன். போன தபா ஏதோ ரெண்டு வார்த்தை பேசிட்டேன், அதுக்கு எழுந்து உக்காந்துட்டாரு.

... வருவாரு. ... வருவாருடி, இப்பத் தானே நின்னிச்சி. ... ஐயோ, சரி, நச்சாத. இரு, ஜன்னலாண்ட போறேன். அவங்க முன் ரூமு இங்கருந்தே தெரியும்.

... பேனு நிக்குது. நல்லா தெரியுது. பாக்கியராஜு வாயைப் பொளந்துக்கினு கெடக்காரு. உங்க மாமா... உங்க மாமாவும் தூங்குறாரு. ... சுத்தலடி, பாத்துட்டேன், றெக்கை அப்டியே நிக்குது. ... அதான் எனக்கும் புரியல. இரு, இந்த ஜன்னல் துணியைத் தள்ளிட்டு...

யேசப்பா.

... கிறிஸ்டினா. அவ விசிறுறாடி. ... பூவம்மா தான்! ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கினு, அட்டைப் பொட்டியைக் கிழிச்சி, ரெண்டு கையால விசிறுறா. மூஞ்சி பூரா வேர்வை. ... அவ புருஷனுக்கு மட்டும் இல்லடி! அந்தப் பக்கம் ஒரு வீச்சு, இந்தப் பக்கம் ஒரு வீச்சு. எங்கூட்டு ஆளு நெத்தி மேல முடி பறக்குது.

... எழுப்புறதா? எப்டிடி எழுப்புவேன்? ராத்திரி திரும்ப ஃபர்னஸு கீதே. கையைக் காலைப் பரப்பிக்கினு எப்டித் தூங்குறாரு தெரியுமா... நான் விசிறி ஒரு நாளு இப்டித் தூங்கல.

... அழுவல. ... அழுவலைன்றேன் இல்ல? ... உடு. ... உட்டுடு, நான் போவணும். ... மாடிக்குத் தான். ... ஜமுக்காளத்தை எடுக்கத் தான்டி, வேற இன்னாத்துக்கு? பேனே சுத்திக்கினு போவட்டும். அவ கையி வேணாம். ... போனை வெய்யி, வெய்யி, அதோ இன்னும் கிட்ட நகர்ந்து உக்காருறா...