இரும்பன் பேசமாட்டான்

நான் படக்கதை வாசிக்கிறவன் என்று தெரிந்தால் வேலைத்தளத்தில் சிரிப்பார்கள். சீமெந்து மூட்டை சுமக்கிற ஆளுக்குச் சின்னப் பிள்ளைகளின் புத்தகம் எதற்கு என்பார்கள். அதனால் சோற்றுப் பார்சலோடு சேர்த்துச் சுற்றி ஒளித்துத்தான் கொண்டுபோவேன். ஐயா, நீங்கள் கேட்டதும் நான் பதில் சொல்லாமல் இருந்தது அந்த வெட்கத்தால்தான். வாயால் சொன்னால் எனக்கு முன்பின்னாகப் போய்விடும். தாளும் பேனாவும் தந்தது நல்லதாகப் போயிற்று.

அந்தக் கம்பியூட்டர் கேமிலிருந்து தொடங்குகிறேன். நிதுர்ஷன் அமிர்தகழியில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். மழைக்கு வேலை நின்றால் நான் அங்கே போய்க் குந்தியிருப்பேன். சும்மா இருக்கிறேனே என்று ஒருநாள் கடைக் கம்பியூட்டரில் கேமைப் போட்டு, எந்தப் பட்டனை அமத்த வேண்டும் என்று காட்டித் தந்தான்.

கேமில் ஒரு வீரன். தலையிலிருந்து கால்வரை இரும்புச் சட்டை. முகம் தெரியாது. சாம்பல் கொட்டுகிற நாட்டில் தனியாக நடப்பான். இங்கிலீசில் அவனுக்கு ஏதோ பெயர் இருந்தது, எங்களுக்கு அவன் இரும்பன். பூதங்கள் அடித்தால் விழுவான். ஆற்றில் விழுந்தாலும் செத்துப்போவான். திரை இருண்டு வெளிக்கும்போது மறுபடி கரையில் எழும்பி நிற்பான். ஒரு சொல் பேசமாட்டான். எனக்குப் பிடித்தது அதுதான். காலையிலிருந்து பின்னேரம்வரை யாரோ ஏதோ சொல்ல, ஓம் ஓம் என்று சொல்லியே வாய் அலுத்துப்போகிறவன் நான். யாருக்கும் பதில் சொல்லாமல் போகிற ஒருவனைப் பார்க்க மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு நிதுர்ஷன் அந்தக் கேமை வைத்துத் தமிழில் படக்கதை போடத் தொடங்கினான். அவனே படம் கீறி, அவனே எழுதி, டவுனில் அச்சடித்து வருவான். படங்களில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். சாம்பல் கோட்டையை எங்கள் வாவிக்கு நடுவில் கொண்டுவந்து வைத்திருந்தான். சுற்றிவரத் தண்ணீருக்குள் வேர்விட்ட கண்ணாப் பற்றை. பூதங்கள் தோணியில் வரும். முதல் புத்தகத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

ஆனால் அதில் இரும்பன் பேசினான். பகிடி விட்டான். ஒரு பெண்ணை நினைத்துப் பெருமூச்சு விட்டான். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. நிதுர்ஷனின் மனைவி யசோதினிதான் கடையில் இருந்துகொண்டு வாசித்துக் காட்டும். எத்தனை நாளைக்கு வாசிக்கிறது என்று, அந்தப் பிள்ளையே அந்தப் புத்தகங்களை வைத்து எனக்கு எழுத்தும் சொல்லித் தந்தது. தலை நரைத்த பிறகு நான் தட்டுத்தடுமாறி வாசித்த முதல் வசனம் இரும்பன் பேசின வசனம். வாசிக்க முடிந்தது சந்தோசம். அவன் பேசுகிறானே என்பது கவலை. இரண்டும் ஒன்றாக வந்தன.

வீட்டுக்குக் கொண்டுபோய், அவன் வாயருகே இருக்கிற வசன வட்டங்களுக்கு வெள்ளை மை பூசிவிடுவேன். வாசித்து முடித்த பிறகுதான் பூசுவேன். பூசினால் அவன் பழையபடி வாயை மூடிக்கொண்டு நடப்பான். அடுத்த புத்தகம் வந்ததா என்று கடைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பதும் நான்தான். ஏன் அப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒருநாள் நிதுர்ஷன் கடைசிப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னான்.

"கோட்டையை விட்டுட்டு ஓடினதுக்காக இரும்பன் அரசனுக்கு முன்னால முழங்கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கப்போறான், அண்ணே."

"கேமில அப்படி இல்லையே, தம்பி."

"கேமில அவன் வாயே திறக்கிறதில்லையே. வாசிக்கிற ஆளுக்கு அவன்ட மனசு விளங்க வேணாமா?"

"மனசு அவனுக்குள்ள கிடக்கட்டுமே."

"என்னண்ணே, இரும்பனுக்கு நீங்க தாய்மாமனா? அவனுக்குப் பொம்புள பேச வந்தாலும் உங்களிட்டத்தான் வரோணும் போல."

யசோதினி சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகும் கேட்டுப் பார்த்தேன், தன்மையாகத்தான் கேட்டேன். "நீங்க மூட்டையத் தூக்குங்க, நான் கதைய எழுதுறன்" என்று பகிடியாகச் சொல்லித் தோளில் தட்டினான். அதற்காக எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் திருந்தமாட்டான் என்று மட்டும் தெரிந்தது.

அந்த மழைக்கு வயல் வட்டைகளில் பயிர் தெரியவில்லை, வெள்ளம்தான் தெரிந்தது. வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்கட்டும் என்று இரண்டுக்கும் நடுவில் அடைத்துக் கிடக்கிற ஆற்றுவாய் மணலை வெட்டச் சொன்னார்கள். எங்களோடு வேலை செய்கிற பாறூக் நானா மண் தோண்டுகிற பெக்கோ ஓட்டினார். நான் கயிற்றுக்காரன். வெட்டு உடைத்துக்கொண்டு ஓடும்போது யாராவது விழுந்தால் கயிறு எறிந்து இழுக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் அது எப்போதும் நான்தான்.

கடைசிப் புத்தகத்தில் கோட்டையை வெள்ளம் கொண்டுபோகிறது. அதைக் கீற, தண்ணீர் உடைக்கிற விதத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று நிதுர்ஷன் சொல்லியிருந்தான். இன்றைக்கு வெட்டு என்று அவனுக்குச் சொல்லி அனுப்பியது நான். போனோடு வந்தான்.

"எங்க நிண்டா வடிவாத் தெரியும், அண்ணே?"

"வடக்குப் பக்கம் அந்த முனையில போய் நில்லு, தம்பி. முழுசாத் தெரியும்."

அது பொய்யில்லை. அங்கிருந்து பார்த்தால் முழுதாகத்தான் தெரியும். வெட்டு ஓடத் தொடங்கினால் முதலில் இடிகிறதும் அந்த முனைதான். மேலே மணல் காய்ந்து கிடக்கும், அடியைத் தண்ணீர் தின்றுவிடும். அதை அவன் கேட்கவில்லை.

பாறூக் நானா பெக்கோவிலிருந்து கையைக் காட்டி, "அது இடியும் மகன், இஞ்சால வா" என்று கத்தினார். எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறார் என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கையை உயர்த்தி, அங்கேயே நில் என்று காட்டினேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனை வெட்டுப் பக்கம் பிடித்தான்.

முனை ஒரே துண்டாகப் போனது. அவன் என் கயிறு எட்டுகிற தூரத்தில்தான் மிதந்தான். அண்ணே என்று கையை நீட்டினான். நான் எறியவில்லை. தண்ணீர் அவனைக் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருண்டு வெளித்தால் கரையில் எழும்புவான் என்று பார்த்திருப்பேன். பாறூக் நானா ஓடிவந்து என் தோளிலிருந்து கயிற்றை உருவினார். கயிறு ஏன் நனையவில்லை என்று கேட்டீர்களே, ஐயா, விசயம் இதுதான். கை விறைத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பாவம், நம்பினார்கள். எனக்கு ஆறுதலும் சொன்னார்கள்.

நிதுர்ஷனின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு யசோதினி என் வீட்டுக்கு வந்தது. கடைசிப் புத்தகத்தின் படங்களையெல்லாம் நிதுர்ஷன் கீறி முடித்திருந்தான். வசன வட்டங்கள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன.

"அவர் படத்தக் கீறிப்போட்டு மறுகாத்தான் பேச்சு எழுதுவார். நீங்கதான் எழுதித் தரணும், அண்ணே. இரும்பன உங்களளவுக்குத் தெரிஞ்ச ஆள் வேற யாரு?"

வெறுமையாகவே விடு பிள்ளை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தானே அவ்வளவும் செய்தேன். நான் பேனாவை எடுத்தேன். எழுதிக்கொண்டே போனேன். வட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். இரும்பன் இதுவரை அவ்வளவு பேசியதில்லை.

யசோதினி பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாக வாசித்தது. அவன் முழங்காலில் விழுகிற படத்தில் நின்றுவிட்டது.

"அரசன் தாடி நரைச்ச கிழவன்தானே, அண்ணே. அவரப் போய் இரும்பன் ஏன் தம்பி எண்டு கூப்பிடுறான்? கதையில கயிறு எங்க வருது?"

நான் வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் இருந்தது. "என்ன மன்னிச்சிரு தம்பி, கயிறு என்ட தோள்லதான் கிடந்தது."

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. தாள்களை அடுக்கியது. போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் எழும்பிப் போனது. பிறகு பொலிசிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

நான் எதையும் மறைக்கவில்லை, ஐயா. வரச் சொன்னது நான். அந்த முனையில் நிறுத்தியது நான். கயிற்றை வைத்துக்கொண்டு எறியாமல் நின்றதும் நான். அவ்வளவுக்கும் கையெழுத்து வைக்கிறேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் என் கணக்கில் எழுதாதீர்கள். அந்தப் படத்துக்கு அதுதான் பொருந்தியது, எழுதினேன். மன்னிப்புக் கேட்டது இரும்பன். நான் இல்லை.