மூன்றாவது டிஸ்க்

மாலை ஐந்தரை மணி. அங்கே ஜூலைதான் குளிர்காலம். புரோக்கன் ஹில்லிலிருந்து வடக்கே போகிற செம்மண் சாலையில் ஒரே ஒரு வண்டி... அதில் ஒரே ஒரு ஆள். டெஸ் ட்ரெகியர். என் நண்பன் பெர்னியின் மைத்துனன், கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். கதை கட்டத் தெரியாத ஆள் என்று பெர்னியே சொல்வான்.

வழியில் டயர் வெடித்து ஒரு மணி நேரம் வீணாகியிருந்தது. எரிச்சலோடுதான் நோரீன் ஹெப்டனின் ஆட்டுப் பண்ணைக்குள் வண்டியைத் திருப்பினான்.

நோரீன் தனியாக இருந்தாள். பதினொரு வருடங்களுக்கு முன் அவள் கணவன் கிளைவ் தன் சின்ன விமானத்தில் வேலி பார்த்து வரக் கிளம்பினான். வரவில்லை... விமானமும் கிடைக்கவில்லை. அவன் படங்கள், அவன் பேசிய பதிவுகள், எல்லாம் பழைய கம்ப்யூட்டரின் ஒரே ஹார்டு டிஸ்க்கில். அது ஒரு வாரமாகக் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. நின்றுவிட்டால் கிளைவின் முகம்கூட மிஞ்சாது. அதற்காகத்தான் டெஸ், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ஒரு ரெய்டு கார்டும் நான்கு புது டிஸ்க்குகளும் கொண்டுவந்திருந்தான். நான்கிலும் பரப்பி எழுதிவைத்தால், ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் காப்பாற்றிவிடும்.

சமையலறை மேசையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். உள்ளே செம்மண் புழுதி, ஆட்டு ரோம வாடை. கார்டு செருகும் இடத்தில் உட்காரவே மறுத்தது. அழுத்தியதில் கட்டைவிரல் கிழிந்தது. ஒரு திருகாணி கைதவறி உள்ளே விழுந்தது... பெட்டியைக் கவிழ்த்து உலுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக எல்லாவற்றையும் மாட்டி, இயக்கினான்.

கார்டு வீல் என்று கத்தியது. திரையில், மூன்றாவது டிஸ்க் காணவில்லை.

கேபிளை மாற்றினான். காணவில்லை. மின்சார ஒயரை மாற்றினான். காணவில்லை. மூன்றை எடுத்து ஒன்றாம் இடத்தில் மாட்டினான். இப்போது ஒன்றாவது காணவில்லை. தொட்டுப் பார்த்தான்... சில்லென்று, கல் மாதிரி. சுழலவே இல்லை. கெட்ட வார்த்தையில் திட்டி, அதைக் கழற்றி மேசையில் போட்டான். மூன்று டிஸ்க்குகளை மட்டும் வைத்தே வேலையைத் தொடங்கலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்தான்.

விசிறிகள் நின்றன. வீடு அடங்கியது.

அப்போதுதான் கேட்டது. ம்ம்ம்... என்று மெல்லிய ரீங்காரம். மேசையிலிருந்து.

கழற்றிப் போட்ட டிஸ்க்கைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. கையில் எடுத்துச் சாய்த்தான். சுற்றுகிற பம்பரத்தைப் பிடித்த மாதிரி, அது மணிக்கட்டை எதிர்த்துத் திமிறியது. ஒரு கேபிள் இல்லை, ஒரு ஒயர் இல்லை.

பயத்தைவிட டெஸ்ஸுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கம்ப்யூட்டரை இயக்கி, திரும்ப மாட்டினான். செத்த கல். கழற்றினான்... சுழன்றது. மாட்டினான், நின்றது. மூன்று முறை.

நோரீன் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. டிஸ்க்கை வாங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டாள்.

"இது ஓட்டை டிஸ்க் நோரீன். கடையில குடுத்தா மாத்திக் குடுப்பாங்க."

"மாத்த வேணாம் டெஸ். இதை இங்கயே விட்டுட்டுப் போ."

டெஸ் அதை அவள் கையிலேயே விட்டான். மூன்று டிஸ்க்குகளில் எல்லாவற்றையும் நகலெடுத்தான். கிளைவின் கடைசிப் படம் ஏறி முடித்த சில நிமிடங்களில் பழைய டிஸ்க் ஒரு முறை இருமினாற்போல் அதிர்ந்து செத்தது. வேலை முடிந்தது. ஆனாலும் தோற்றுப்போன மனநிலையோடுதான் டெஸ் வண்டியைக் கிளப்பினான். வாசல் விளக்கடியில் நோரீன் அந்த மூன்றாவது டிஸ்க்கை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, அவளிடமிருந்து போன் வந்தது.

"நேத்து அது நின்னுடுச்சு டெஸ்."

அவள் குரலில் வருத்தமே இல்லை. டெஸ் புது டிஸ்க் கொண்டுவருவதாகச் சொன்னான். அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் அவள் நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது... வெளியே பார்த்து அல்ல, வீட்டுக்குள்ளேயே. ஏதோ எரிந்த மாதிரி வாசனை மூன்று நாளாகப் போகவே இல்லை, விமானப் பெட்ரோல் வாசனை என்றாள், சாதாரணமாக.

பிறகு போனிலிருந்து வாயைத் திருப்பி, யாரிடமோ மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு ரெண்டு சர்க்கரைதானே?"

நாய் சட்டென்று நிறுத்தியது. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.