தலைக்கு மேலே கேட்ட கேள்வி

சனிக்கிழமை என்றால் என் தம்பி கெல்வினுக்கு வெள்ளைச் சட்டை வேண்டும். இங்கே பர்னி ஊரில், புல்தரையில் பந்து உருட்டும் கிளப்பில் எல்லோரும் வெள்ளைதான் போடுவார்கள். இஸ்திரி போட்டுக் கொடுப்பது நான். அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஆபீசர்.

கெல்வினுக்கு வயது நாற்பத்தொன்று. பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அம்மா படுக்கையில் விழுந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள மெல்பர்ன் வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவர் கொஞ்ச காலம் பொறுத்தார், பிறகு வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். போகட்டும். அம்மா செத்ததும் கெல்வின் என்ன செய்தான் தெரியுமா? தன்னை மாதிரி நாலு பேர் உதவியாளரோடு சேர்ந்து வாழும் வீட்டுக்குப் போகிறேன் என்றான். பெட்டியை அவனே கட்டினான். அரைகுறையாக மடித்த துணி வெளியே தொங்க, வண்டியில் ஏறி எனக்கு டாட்டா காட்டினான்.

அங்கே அவனுக்கு எல்லாம் கிடைத்தது. பழைய துணிக் கடையில் வேலை, சனிக்கிழமை ஆட்டம், ப்ரான்வின். அவளும் அவனை மாதிரிதான். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு தெருவில் போவார்கள், பார்க்கிறவர்கள் சிரித்துக் கையாட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன மாதம் சட்டை வாங்க வந்தான்.

"க்ளென், மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வெச்சிருக்க? நானும் ப்ரானும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். நீதான் கேக் கொண்டு வரணும், பாஸ்."

"கல்யாணம்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியுமே. எழுந்ததும் பக்கத்துல ஆள் இருக்கும்." அப்புறம் என் தோளைத் தட்டினான். "உனக்குத்தான் யாருமில்ல. பாவம்."

பாவம் என்றான். அவன், என்னை.

அடுத்த வாரம் அவனுக்கு நிமோனியா. மருத்துவமனையில் டாக்டர் ஹெஸ்கெத் மரியாதையாகத்தான் பேசினார். மருந்து ஏற்றி, தேவைப்பட்டால் சில நாள் மூச்சுக் கருவி வைத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார். நீங்களோ நானோ படுத்திருந்தால் அப்போதே ஏற்ற ஆரம்பித்திருப்பார். படுத்திருந்தது கெல்வின் என்பதால் தயங்கினார். அவன் தலைக்கு மேலாக என்னிடம் கேட்டார்.

"இவரோட வாழ்க்கை எப்படிம்மா இருக்கு? இவ்வளவு சிரமப்படுத்தணுமா?"

கெல்வின் விழித்துத்தான் இருந்தான். ஊசிக்காகத் தானாகவே கையை நீட்டினான். "சனிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?" என்றான். டாக்டர் பதிலுக்கு என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில், கடையில், வங்கியில், எங்கும் இப்படித்தான். அவன் கேட்பான், என்னிடம் பதில் சொல்வார்கள். எத்தனை தடவை இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அன்று போடவில்லை. ஒருத்தராவது குனிந்து அவனிடம் கேட்டிருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்காது.

"யாராவது சொன்னதத் திருப்பிச் சொல்லுவான் டாக்டர், அவ்வளவுதான். அவனுக்கு ஒண்ணும் புரியாது," என்றேன்.

மருந்து வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். ப்ரான்வின் வாசலில் நின்று கத்தினாள். அவளைப் பார்த்தால் அவன் பதறுவான், உள்ளே விடாதீர்கள் என்றேன். அவன் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், குரல் போகும்வரை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டேன். இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள் நர்ஸ்.

ப்ரான்வின்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறாள். திக்கித் திணறி அவள் சொன்னதெல்லாம் சரி. அவனுக்கு வாழ ஆசை இருந்தது, பிழைக்க வழியும் இருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவனைச் சாகவிட்டேன்.

ஆனால் டாக்டரிடம் சொன்னதெல்லாம் பொய் என்று மட்டும் எழுதாதீர்கள். வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். வீட்டுக்கு யாரும் வருவதில்லை. நாள் முழுக்க டிவி முன்னால். சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. நாளைக்கு என்று எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. இப்படிக் கிடப்பதைவிடப் போய்ச் சேருவது மேல் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூட நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அவன் பெட்டியோடு போன நாளிலிருந்து அம்மாவின் வீட்டில் நான் அப்படித்தான் இருக்கிறேன்.