இடது கதவைத் தூக்கித் திறக்க வேண்டும்

பழைய சாமானை ஆன்லைனில் விற்க நினைப்பவர்கள் அதைக் காலை வெயிலில் படம் எடுக்க வேண்டும், சார். டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த மரமும் பிளைவுட் மாதிரிதான் தெரியும். என் தங்கை பிந்து அதைச் சரியாகச் செய்திருந்தாள். நான் வேலைக்குப் போன பிறகு அறையின் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, கட்டிலுக்கு மூன்று படம், அலமாரிக்கு நான்கு படம் எடுத்திருக்கிறாள். பலாமரத்தின் மஞ்சள் நிறம் அப்படியே விழுந்திருந்தது. சாயங்காலம் அந்த விளம்பரத்தை என் போனில் பார்த்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதானே.

வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆரியங்கோட்டில் எங்கள் வார்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் அயல்கூட்டத்துக்கு நான்தான் செயலாளர். பிரேமகுமாரி அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் விஜயம்மா தன் பழைய தையல் மெஷினை விற்க விளம்பரம் போட்டாள். ஒருவன் இந்தியில் பேசிப் பேசி அவளுடைய பதினெட்டாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டான். அவளுக்கு இந்தி தெரியாது. ஆர்மி என்ற ஒரு சொல் மட்டும் புரிந்திருக்கிறது. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு எங்கள் பக்கம் குறைவு. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அதன் பிறகு நான் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏமாற்ற வருகிறவன் விலை பேச மாட்டான். பொருளில் என்ன குறை என்று கேட்க மாட்டான். நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்ல மாட்டான். நம் ஊர்ப் பேச்சு அவனுக்கு வராது. நமக்குக் காசு வருவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டியதில்லை. எங்கள் வார்டில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட இதை ஒப்பிப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருமுறை வந்து எனக்கு ஒரு பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார்கள். அது அந்த அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது.

பிந்துவுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துபோனார். எனக்கு இருபத்திநான்கு. அம்மா அதற்கு முன்பே இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் எனக்குக் கிடைத்த கிளார்க் வேலையில் அவளைப் படிக்க வைத்தேன், கட்டிக் கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம் நின்றது. மூத்தவளுக்குக் கட்டிலும் அலமாரியும் செய்ய என்று அப்பா அதை வெட்டாமல் வைத்திருந்தார். மூத்தவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. இளையவளுக்கு நடந்தது. மரத்தை வெட்டி அவளுக்குச் செய்து கொடுத்தேன். ஐந்து வருஷத்தில் அவளுடைய புருஷன் பஸ் மோதி இறந்தான். பிந்து திரும்பி வந்தாள். அவள் வந்த டெம்போவிலேயே கட்டிலும் அலமாரியும் வந்தன. ஏற்றியவர்கள் அலமாரியைச் சுவரில் இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதன் இடது கதவு சற்றுத் தொய்ந்து கிடக்கும். தூக்கித்தான் திறக்க வேண்டும்.

பதினொரு வருஷம் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு சண்டை கிடையாது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாலை ஆறு மணிக்கு வந்துவிடுவாள்.

போன வருஷம் எங்கள் கிணற்று மோட்டார் புகைந்தது. வெள்ளறடை ஜங்ஷனில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் டெனில் வந்தான். எங்கள் தெருமுனையில்தான் அவன் வீடு. அவனும் அவன் அம்மா சாராம்மாவும் மட்டும். நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவன். மோட்டாரைச் சரிசெய்து ஓடவிட்டபின் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, இதுக்கும் ஒரு கிளாஸ் எடுக்கணுமாக்கும். ஆரு சுவிச்சுப் போட்டாலும் நம்பி ஓடுது." பிந்து சிரித்தாள். பதினொரு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன், சார். காபி கொடுத்தேன்.

மே மாதம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிந்து சொன்னாள்.

"அக்கா, ஒரு காரியம் உண்டு. கோவப்படாண்டாம்."

"சொல்லு மக்களே."

"நானும் டெனிலும் ரெஜிஸ்டர் செய்யலாம்னு இருக்கோம். வெள்ளறடையில ஒரு வாடகை வீடு பாத்திருக்கு." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள். "கட்டிலையும் அலமாரியையும் வித்திரப் போறேன். பழசைக் கெட்டிச் சுமந்திட்டு அங்க போயி வாழ எனக்கு வய்யா."

நல்லது என்றேன். அவளுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தேன். மதம் வேறு, சாதி வேறு என்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பேசியிருந்தால் அவள் அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், பிறகு போயிருப்பாள். பழசு என்று அவள் சொன்னதை மட்டும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் விளம்பரம் போட்டாள். இரண்டாம் நாளே அம்பூரியிலிருந்து ஷீஜா என்ற பெண் வாட்ஸாப்பில் எழுதினாள். நர்ஸ், வார்டில் நின்றுகொண்டு பேச முடியாது, அதனால் எழுதுகிறேன் என்றாள். நாங்கள் பேசுவது தமிழ், பள்ளியில் படித்த எழுத்து மலையாளம். போனில் எழுதும்போது எங்கள் தமிழையே மலையாள எழுத்தில் எழுதுவோம். வெளியூர்த் திருடன் யாருக்கும் அது வராது. ஷீஜா அப்படித்தான் எழுதினாள். கரையான் உண்டா என்று கேட்டாள். நாற்பதாயிரம் சொன்னதை முப்பத்திரண்டுக்குக் கேட்டு, முப்பத்தைந்தில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பிக்கப் வண்டியோடு வந்து பார்த்துவிட்டுத்தான் எடுப்பான் என்றாள். வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று ஐந்நூறு ரூபாய் அனுப்பினாள். அது உண்மையாகவே வந்தது. மேரி தங்கம் என்ற பெயரில் வந்தது. அம்மைக்க அக்கவுண்ட் என்று ஷீஜா எழுதினாள்.

பிந்து எல்லாவற்றையும் என்னிடம் காட்டினாள். "ஒங்க கிளாஸ்ல சொன்ன ஒண்ணுகூட இவகிட்ட இல்லக்கா," என்றாள். உண்மைதான். ஒன்றுகூட இல்லாதபடி பார்த்துச் செய்திருந்தேன்.

அம்பூரியில் அப்படி ஒரு ஷீஜா இல்லை, சார். ஷீஜா நான்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ஷீஜா ஒன்பதாயிரத்து ஐந்நூறு அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொன்னாள். பாங்கிலிருந்து வருவது போலவே ஒரு மெசேஜ் பிந்துவுக்கு வந்தது. அதில் தொண்ணூற்றைந்தாயிரம் என்று இருந்தது. கூடவே ஷீஜாவின் பதறல். ஒரு பூஜ்யம் கூடிப் போயிற்று, நாளைக்குக் கான்கிரீட் போட ஆட்கள் வருகிறார்கள், இருந்த பணம் அவ்வளவுதான், புருஷன் அறிந்தால் கொன்றுவிடுவான், மீதியை இப்போதே திருப்பி அனுப்பு மக்களே என்று. இதைக் குளியலறையிலிருந்து அனுப்பிவிட்டு வந்து நான் சாளை மீனில் மசாலா புரட்டிக்கொண்டிருந்தேன்.

பிந்து போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, பாவம் அந்தப் பெண்ணு. திருப்பிக் குடுத்திரட்டா?"

என் கையெல்லாம் மசாலா. நான் போனைத் தொடவில்லை. "பிறத்தியாருக்க பைசா நமக்கு எதுக்கு மக்களே," என்றேன். "குடுத்திரு."

அவள் பாலன்ஸ் பார்க்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடியே எண்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு ரூபாயை அனுப்பினாள். வாடகை வீட்டின் அட்வான்ஸுக்காக அவள் சேர்த்தது அது. அனுப்பிவிட்டு, பாவம் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றாள்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள், ஒரு பாடம் கற்றுக்கொடுக்கத்தானே செய்தாய், உடனே சொல்லியிருக்கலாமே என்று. சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் அன்று சாயங்காலம் பாலன்ஸைப் பார்த்துவிட்டு அவள் என் மடியில் தலைவைத்து அழுதாள். சின்னப் பிள்ளையில் அழுதது போல. அப்போது சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டு நானே அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மேரி தங்கம் என்பது சாராம்மாவின் ஞானஸ்நானப் பெயர். ஊரில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது, பாங்க் புத்தகத்திலும் ஆதாரிலும் மட்டும்தான் உண்டு. சாராம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, காதருகே குனிந்து சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை விரல் வைத்துக் காட்டினால்தான் விதவை பென்ஷன் வரும், அதற்கு அவளைக் கூட்டிப் போவது நான். அந்த வருஷம் கூட்டிப் போனபோது, பென்ஷன் மெசேஜ் வர ஒரு நம்பர் வேண்டும் என்று சொல்லி இன்னொரு இடத்திலும் விரல் வைக்கச் சொன்னேன். அவள் பெயரில் சிம் கிடைத்தது. அவளுடைய ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருந்தது, அதை வைத்து அந்த நம்பரை அவள் கணக்கில் சேர்த்தேன். எல்லாம் முடிந்தபின், ஒரு நாள் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, சிம் போட்ட பழைய போனை அவள் அடுக்களையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

பிந்து விளம்பரம் போடுவதற்குப் பத்து நாள் முன்பே அந்த சிம் வாங்கப்பட்டிருக்கிறது என்கிறீர்கள். பென்ஷன் மெசேஜுக்கும் ஒரு நம்பர் வேண்டித்தானே இருந்தது, சார்.

அன்றிருந்த எஸ்.ஐ. சாராம்மாவை விசாரிக்க அவள் வீட்டுக்கு வந்தார். என் குரல் பழக்கம் என்பதால் கேள்விகளை அவள் காதில் சொல்ல என்னைத்தான் பக்கத்தில் உட்கார வைத்தார். இந்த போன் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள் என்றார். நான் அதைக் கொஞ்சம் சுருக்கினேன்.

"சாராம்மா, வீட்டுல போன் எல்லாம் பாக்கியது ஆரு?"

அவளுக்கு முகம் மலர்ந்தது. "எனக்க மோனாக்கும். அவனுக்கு எல்லா போனும் அறியாம்."

டெனிலைக் கூட்டிப் போகும்போது அவன் எங்கள் வீட்டைத்தான் பார்த்தான். பிந்து ஜன்னலை மூடினாள். நான் மூடச் சொல்லவில்லை. அவன் இருபத்திமூன்று நாள் ரிமாண்டில் இருந்தான். அந்த நாட்களில் சாராம்மாவுக்கு இரண்டு வேளையும் நான்தான் கஞ்சி கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாக்கும் எனக்கு இப்போ ஆளு," என்பாள். பதினேழாம் நாள் கஞ்சியோடு போனபோது கட்டிலில் அசையாமல் கிடந்தாள். நெஞ்சுவலி என்றார்கள். அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கட்டன்சாயா போட்டது நான். டெனில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் வந்து மண் போட்டுவிட்டுப் போனான். பிந்துவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவளுக்கு அது தாங்காது.

பணம் யாருக்கும் நஷ்டமாகவில்லை. நான் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. கோர்ட் சொல்லி முழுதும் பிந்துவுக்குத் திரும்பி வந்தது. ஷீஜா முதலில் அனுப்பிய ஐந்நூறு என் பணம். அதைக்கூட நான் கேட்கவில்லை. டெனில் ஜாமீனில் வந்து கடையைத் திறந்தான், ஆனால் அவனிடம் யாரும் மோட்டார் கொடுக்கவில்லை. பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டான். நான் வகுப்பில் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தேன். மெசேஜ் வந்தால் காசு வந்ததாக ஆகாது, பாலன்ஸ் பார்க்க வேண்டும்.

அதற்குப் பின் எட்டு மாதம். நல்ல மாதங்கள், சார். பிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள். கட்டிலும் அலமாரியும் இருந்த இடத்தில் இருந்தன.

போன வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அவள் அலமாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். ஷீஜாவின் பழைய மெசேஜ் ஒன்றை வாசித்துக் காட்டினாள். 'அண்ணன் ஞாயிறு வருவான். ஏத்தும்போது நீயும் கூட நில்லு. இடது கதவைத் தூக்கித்தான் திறக்கணும், இழுத்தா கீல் போயிரும்.'

"நான் விளம்பரத்துல இதை எழுதல்லக்கா," என்றாள். "அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"டெனில் சொல்லியிருப்பான்."

"டெனில் இந்த ரூமுக்க உள்ள வந்ததே இல்ல. நீங்க விட்டதில்லியே."

அவள் எழுந்து இடது கதவை மெல்லத் தூக்கித் திறந்து, அவளுடைய துணிகளை மட்டும் எடுத்தாள். பொன்னாடை கீழே விழுந்தது. அதை மடித்துத் திரும்ப மேல்தட்டில் வைத்துவிட்டு, இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

அந்த வரியை எழுதியது தப்புதான். வண்டி எதுவும் வரப்போவதில்லை, யாரும் ஏற்றப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் யாரோ முன்பின் தெரியாதவன் அந்தக் கதவைப் பிடித்து இழுப்பது கண்ணில் வந்தது. கை தானாக எழுதிவிட்டது. அவ்வளவு தூரம் பார்த்துப் பார்த்துச் செய்த பொருள், சார்.

ஆக, சிம் வாங்கியது நான், ஷீஜாவாக எழுதியது நான், சாராம்மாவின் காதில் கேள்வியை மாற்றிச் சொன்னது நான். இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு உபகாரம் மட்டும் செய்ய வேண்டும். பிந்து இப்போது அந்த அலமாரியை மறுபடி விற்கப் பார்ப்பாள். ஆட்கள் வருவார்கள். யாரையும் நம்பிவிட வேண்டாம், எதைச் செய்வதற்கு முன்னாலும் வீட்டில் ஒருவரிடம் கேட்டுக்கொள் என்று அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சார். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளை யாரும் சுலபமாக ஏமாற்றிவிடுவார்கள்.